வசனம் கேட்டாயிற்று, இனி அதைச் செய்வது எப்படி?

இருபது வருஷமாக ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகிறவன் நான். தாழ்மையைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வாலிபர் கூட்டத்தில் நானே இரண்டு தடவை அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அப்படியிருந்தும் ஒரே ஒரு வேதாகம வசனத்தைச் சொன்னபடி செய்து முடிக்க எனக்குப் பதினொரு வாரம் பிடித்தது. அதில் ஒன்பது வாரம் வீண். வசனம் புரிந்துதான் இருந்தது. எங்கே ஆரம்பிப்பது, கையில் என்ன எடுத்துப் போவது, வாயைத் திறந்து என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

விஷயம் இதுதான். அப்பா இறந்த பிறகு அவருடைய கடை வாடகையை நான்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். மாதம் 6,000 ரூபாய். அதில் பாதி தம்பிக்குச் சேரவேண்டியது. 'அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை நான்தானே பார்த்தேன்' என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு 14 மாதம் தராமல் இருந்தேன். தம்பி சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டான், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு திருவிருந்துக்கு வரிசையில் நிற்கும்போது மத்தேயு 5:23-24 நினைவுக்கு வந்தது. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு, அதாவது சமாதானம் செய்துகொள், என்கிற வசனம். நான் வரிசையை விட்டு விலகவில்லை. அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மத்தியானம் பிரியாணி சாப்பிட்டேன். பதினொரு வாரக் கதை அன்றைக்குத்தான் தொடங்கியது.

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், என்னைப்போல் பழையவர்களாக இருந்தும் தொடங்காதவர்களுக்கும் இது உதவலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் ஒன்று. கூடவே 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற எளிய தமிழ் மொழிபெயர்ப்பும் இருந்தால் நல்லது. பழைய மொழிபெயர்ப்பில் "ஒப்புரவாகி" என்று இருப்பது புதியவர்களுக்குப் பிடிபடாது. திருவிவிலியத்தில் அதையே நல்லுறவு ஏற்படுத்திக்கொள்வது என்று வாசித்தால் உடனே புரியும். புத்தகப் பெயர்கள் மாறும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஆதியாகமம் அங்கே தொடக்க நூல். 2 இராஜாக்கள் 2 அரசர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். இது தெரியாமல் நான் அப்போஸ்தலரைத் தேடி அரை மணி நேரம் பக்கம் புரட்டியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. இருபது ரூபாய்க்குள் கிடைக்கும். தோல் அட்டை போட்ட அழகான டைரி வேண்டாம். அதில் அழகாக எழுதத்தான் தோன்றும். பண விவகாரம் இருந்தால் ரசீதுகள், பாஸ்புக். காலையில் பதினைந்து நிமிஷம். பெரிய செலவு இங்கே இல்லை, 4-ஆம் படியில் வரும்.

1. வாக்குத்தத்தத்தை வைத்துவிட்டுக் கட்டளையை எடுங்கள்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அந்த அட்டைகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் 'செய்வேன்', 'கொடுப்பேன்' என்று முடியும் வசனங்கள். கடவுள் செய்யப்போவதைச் சொல்பவை. நாம் செய்யவேண்டியது அதில் இருக்காது. பழைய மொழிபெயர்ப்பில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம், வினைச்சொல்லின் வாலைப் பார்த்தால் போதும். '-வேன்', '-பேன்' என்றால் வாக்குத்தத்தம். '-கடவாய்', '-கடவீர்கள்', 'இருங்கள்', 'போ', 'கொடு' என்றால் கட்டளை. நமக்கு வேண்டியது இரண்டாவது வகை.

ஆதியாகமம் 12:2 எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒரு வருஷம் தொங்கியது: "உன்னை ஆசீர்வதித்து, உன் பேரைப் பெருமைப்படுத்துவேன்." அதற்கு முந்தின வசனத்தை நான் அந்த வருஷம் முழுக்கத் திறந்து பார்க்கவில்லை. அது ஆபிராமைத் தேசத்தையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்பட்டுப் போகச் சொல்லும் வசனம். அதை அட்டையில் அச்சடித்தால் யார் எடுப்பார்கள் என்பதும் நியாயமான கேள்விதான்.

முதல்முறைக்கு ஏற்ற வசனங்கள்: மத்தேயு 5:23-24, மத்தேயு 6:3, லூக்கா 14:10, யோவான் 13:14, எபேசியர் 5:21, பிலிப்பியர் 2:3, யாக்கோபு 1:19. இவற்றில் ஒன்றே ஒன்று. ஏழு வசனத்தையும் எழுதி வைத்துக்கொண்டால் ஒன்றும் நடக்காது, நான் செய்து பார்த்துவிட்டேன்.

2. அந்த வரி யாருக்கு எழுதியது என்று பாருங்கள்

மூன்றாவது வாரம் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வசனப் படம் அனுப்பினேன். ரோஜாப்பூ, பின்னால் சூரிய உதயம், நடுவில் கொலோசெயர் 3:13: "ஒருவருக்கொருவர் மன்னியுங்கள்." இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அவன் மனசு கடினப்பட்டுவிட்டது என்று வீட்டில் சொன்னேன்.

"பணத்தை வச்சிருக்கிறது நீங்க. மன்னிக்கச் சொல்ற வசனத்தை அவங்களுக்கு அனுப்பியிருக்கீங்க. உங்களுக்குன்னு ஒரு வசனமும் இல்லையா?" என்றாள் மனைவி.

புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். வசனம் சரி, முகவரி தப்பு. எபேசியர் நிருபத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வரி உண்டு (6:1), தகப்பன்மாருக்கு ஒரு வரி உண்டு (6:4, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதே என்பது). அப்பாக்கள் முதல் வரியையே பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் இரண்டாவதைக் கண்டுபிடித்துவிட்டால் வீட்டில் வேத பாடம் நின்றுவிடும். அவரவர் தன் வரியை வாசிக்க வேண்டும். பிரசங்கம் கேட்கும்போது 'இதை மச்சான் கேட்டிருக்கணும்' என்று தோன்றினால், நீங்கள் அடுத்தவர் வீட்டுத் தபாலைப் பிரிக்கிறீர்கள்.

வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வசனம் வாசித்துவிட்டு, நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இங்கே என்னைப் போன்ற நிலைமையில் இருப்பவர் யார்? மத்தேயு 5-இல் நான் காணிக்கை கொண்டுவருகிறவன். குறை இருப்பது சகோதரனுக்கு. ஆனால் எழுந்து போகவேண்டியவன் நான்.

3. மூன்று வரியில் எழுதுங்கள்: ஆள், வேலை, நாள்

"மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்று பிலிப்பியர் 2:3 சொல்கிறது. இதை அப்படியே வைத்துக்கொண்டு யாராலும் செவ்வாய்க்கிழமை காலையில் எதுவும் செய்ய முடியாது. சின்னதாக வெட்டிக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் சேகரக் கமிட்டியில் (சில சபைகளைச் சேர்த்து நடத்தும் குழு) இருக்கிறார். அவர் எழுதியது இது:

ஆள்: கமிட்டியில் என்னை எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவர்.
வேலை: அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருப்பது.
நாள்: வருகிற சனி, மாலைக் கூட்டம்.

நாற்பது நிமிஷம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். எதிராளி சொன்னதில் பாதி சரி என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம். மீதிப் பாதி இப்போதும் தப்பு என்பதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது.

வேலை சின்னதாக இருக்கிறதே என்று கூச்சப்படாதீர்கள். கூச்சம் வந்தால் 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தில் சீரியப் படைத்தலைவன் நாகமானைப் பாருங்கள். குஷ்டம் தீர யோர்தான் ஆற்றில் ஏழுதரம் முழுகும்படி எலிசா தீர்க்கதரிசி சொன்னதற்கு அவனுக்குக் கோபம். தமஸ்குவில் இதைவிட நல்ல ஆறு இல்லையா என்று திரும்பிப் போகிறான். அவனுடைய ஊழியக்காரர்கள்தான், பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா என்று கேட்கிறார்கள். நானும் அந்த ரகம். ஐந்தாவது வாரம் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். தம்பிக்கு ஒரு போன் செய்யவில்லை. உபவாசம் பெரிய காரியம், வெளியே சொல்லிக்கொள்ளலாம். போன் சின்னக் காரியம், அதைத்தான் செய்ய முடியவில்லை. "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல்" உத்தமம் என்று சாமுவேல் தீர்க்கதரிசி சவுல் ராஜாவிடம் சொன்னதை (1 சாமுவேல் 15:22) உபவாசத்தின் மூன்றாம் நாள், பசி மயக்கத்தில், வாசித்துத் தொலைத்தேன்.

நாளைக் குறிக்காவிட்டால் முதல் இரண்டு வரியும் வீண். 'ஆவியானவர் ஏவும்போது செய்வேன்' என்று எழுதாதீர்கள். மத்தேயு 21:28-31-இல் இரண்டு மகன்கள் வருகிறார்கள். ஒருவன் முடியாது என்று சொல்லிவிட்டு அப்புறம் மனம் மாறித் திராட்சத்தோட்டத்துக்குப் போனான். இன்னொருவன் பவ்யமாக, போகிறேன் ஐயா என்றான், போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டு செய்தாலும் செய்ததுதான் கணக்கு.

4. பணம் சம்பந்தப்பட்டிருந்தால் கணக்கு முதலில்

ஏழாவது வாரம் ஒருவழியாகக் கிளம்பினேன். தம்பி கோவில்பட்டியில் இருக்கிறான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று பஸ் ஏறும் முன் 650 ரூபாய்க்கு ஆப்பிளும் மாதுளையும் வாங்கினேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பையை நீட்டினேன். அவன் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஆப்பிள் எதுக்குண்ணே? கணக்கு எங்கே?"

என்னிடம் கணக்கு இல்லை. காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அந்த ஆப்பிளை அவன் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஆகவே பணம், நகை, வாடகை, கடன், சீட்டு எதுவாக இருந்தாலும் பேச்சுக்கு முன் காகிதம் வேண்டும். நான் பிறகு செய்தது இப்படி. ஒரு தாளில் மாதவாரியாக வாடகை வந்த தேதி, தொகை. பாஸ்புக்கில் அந்த வரவுப் பக்கங்களின் ஜெராக்ஸ். ஆஸ்பத்திரி ரசீதுகளையும் பீரோவிலிருந்து எடுத்தேன். இங்கே ஒரு அடி விழுந்தது. 'நான்தானே பார்த்தேன்' என்று நினைத்துக்கொண்டிருந்த 31,500 ரூபாயில் 12,000 தம்பி ரொக்கமாகக் கட்டியது. ரசீதில் அவன் கையெழுத்து இருக்கிறது. நான் சுத்தமாக மறந்திருந்தேன். மறக்க விரும்பியிருந்தேன் என்பதே சரி. ரசீதைத் தேடாமல் மன்னிப்புக் கேட்கப் போகாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உங்கள் ஞாபகம் உங்கள் பக்கமே சாயும்.

இனி செலவு. 14 மாதம், 6,000 வீதம் 84,000. பாதி 42,000. இதோடு விடலாம். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்து வந்த சகேயு ஒரு படி மேலே போய் நாலத்தனையாகத் தருகிறேன் என்றான் (லூக்கா 19:8). இந்தக் கூடுதல் பங்கு இன்றைக்குக் கிறிஸ்தவர்களுக்குக் கட்டாயமா என்று போதகர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். என் அபிப்பிராயம், முடிந்தால் சேருங்கள். அடுத்தவர் பணத்தை 14 மாதம் புழங்கியிருக்கிறோம். ஐந்தில் ஒரு பங்கு 8,400. ஆக மொத்தம் 50,400.

கையில் அவ்வளவு இல்லாவிட்டால் தவணை தப்பில்லை, தேதியை எழுதிக் கொடுங்கள். நான் முதலில் 20,000, அடுத்த இரண்டு மாதமும் 15,200 வீதம் என்று எழுதினேன். ரொக்கமாகத் தராமல் வங்கி மூலம் அனுப்புங்கள், பின்னால் யாருக்கும் சந்தேகம் வராது. இதற்காகப் புதிதாக வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். மனைவிக்குத் தெரியாமலும் செய்யாதீர்கள்; ஒரு ஒப்புரவுக்காக இன்னொரு குறையை உண்டாக்கக்கூடாது.

இன்னொன்று. ஆஸ்பத்திரிச் செலவில் பாதி 15,750. தம்பி கொடுத்தது 12,000. அப்படியானால் எனக்கு அவன் 3,750 தரவேண்டும். நியாயப்படி அது என் பணம்தான். கழித்தேனா? கழிக்கவில்லை, காகிதத்தில் காட்டவும் இல்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, அது வேறு விஷயம். மன்னிப்புக் கேட்கப் போகும் அன்றைக்கு உங்களுக்கு வரவேண்டிய பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அதை இன்னொரு நாள் பேசலாம்.

(சொத்துப் பிரிப்பது, பட்டா மாற்றுவது எல்லாம் வேறு வேலை. அதற்கு ஆவண எழுத்தரும் பத்திரப் பதிவு அலுவலகமும் உண்டு. அதையும் இதையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.)

5. மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை முன்னாலேயே எழுதுங்கள்

எழுதி வைத்துப் பேசுவது நடிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இயேசு சொன்ன கதையில் வரும் கெட்ட குமாரன் பன்றிக் கிடங்கில் இருக்கும்போதே தகப்பனிடம் என்ன சொல்லவேண்டும் என்று வாக்கியம் தயாரித்துக்கொள்கிறான் (லூக்கா 15:18-19). வீட்டுக்கு வந்ததும் அதையே சொல்லத் தொடங்குகிறான். அவன் முடிப்பதற்குள் தகப்பன் வேலைக்காரர்களைக் கூப்பிட்டுவிடுகிறார்.

நான் முதலில் எழுதிய வாக்கியம்: "உன் மனசு கஷ்டப்படும்படி நான் ஏதாவது செய்திருந்தால் மன்னித்துக்கொள், ஆனால் அப்போது என் நிலைமையும்..." இதில் மூன்று ஓட்டை. 'ஏதாவது' என்றால் என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. 'செய்திருந்தால்' என்றால் செய்ததையே ஒத்துக்கொள்ளவில்லை. 'ஆனால்' என்றால் வாக்குவாதத்தின் முதல் வார்த்தை. இரண்டு தரம் அடித்துத் திருத்தி, கடைசியில் எழுதியது:

"14 மாச வாடகையில் உன் பங்கை நான் தரவில்லை. தப்பு என்னுடையது. இதோ கணக்கு, இதோ தேதி."

அவ்வளவே. வசனம் சொல்லவில்லை. 'கர்த்தர் என்னை உணர்த்தினார்' என்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் கர்த்தரையும் சேர்த்து மறுக்க வேண்டியிருக்கும். 'மன்னித்துவிட்டேன் என்று சொல்' என்று கேட்கவும் வேண்டாம். அவர் எப்போது மன்னிப்பது என்பதை அவரிடமே விடுங்கள்.

நேரம் முக்கியம். கல்யாண வீடு, துக்க வீடு, ஞாயிறு ஆராதனை முடிந்த கோயில் வாசல் மூன்றும் கூடாது. கூட்டத்தில் கேட்கும் மன்னிப்பு எதிராளியின் கையை முறுக்குவது மாதிரி. சாயங்காலம் வேலை முடிந்து களைத்து வரும் நேரமும் சரிப்படாது. நான் போனது சனிக்கிழமை காலை பத்து மணி. முதல் நாள் போன் செய்து, "ஒரு கணக்குக் காட்டணும், அரை மணி நேரம் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பழம் வாங்கவில்லை.

தம்பி தாளை வாங்கி, சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, பெருக்கலைச் சரிபார்த்தான். அது வலித்தது. வலிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்தில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு, "இந்த எட்டாயிரத்து நானூறு என்ன?" என்றான். லேவியராகமம் என்றேன். அவனும் என்னோடு அதே ஓய்வுநாள் பள்ளியில் படித்தவன்.

"அதுல அடுத்த வசனத்துல ஒரு ஆட்டுக்கடாவும் இருக்குமே அண்ணே, அது எங்கே?"

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவன் என்னை அண்ணே என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டது அப்போதுதான்.

6. கால் கழுவுவதை வீட்டிலிருந்து தொடங்குங்கள்

பெரிய வியாழன் அன்று சில சபைகளில் கால் கழுவும் ஆராதனை உண்டு. பன்னிரண்டு பேர் வீட்டிலேயே காலைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்கள். அதைக் குறை சொல்லவில்லை. யோவான் 13-இல் நடந்தது புழுதிக் கால், சாப்பாட்டு நேரம், யாரும் செய்ய முன்வராத வேலை. உங்கள் வீட்டில் யாரும் செய்ய முன்வராத வேலை எது என்று ஒரு வாரம் கவனித்தால் போதும்.

எங்கள் வீட்டில் அது அம்மாவின் கால் நகம். எழுபத்தெட்டு வயது, குனிய முடியாது. மருமகளிடம் கேட்கக் கூச்சம், என்னிடம் கேட்க அதைவிடக் கூச்சம். நகம் செருப்பில் இடித்து நொண்டி நடக்கும்வரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளுங்கள்: வயதானவர்களின் கட்டை விரல் நகம் தடிமன், சாதாரண நகவெட்டி தாங்காது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கால் ஊறவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, நேராக வெட்டவேண்டும், ஓரத்தை உள்ளே தோண்டக்கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் நீங்கள் கை வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு காலுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். அம்மா முதல் தடவை முழுக்கக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை பக்கத்து வீட்டுக் கதை சொன்னாள்.

இதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். மத்தேயு 6:3 இடது கைக்கே தெரியக்கூடாது என்கிறது. இடது கையில்தான் நாம் செல்போன் வைத்திருக்கிறோம்.

7. கடைசி இடத்தில் உட்காரும்போது

விருந்துக்குப் போனால் தாழ்ந்த இடத்தில் உட்காரச் சொல்கிறது லூக்கா 14:10. இதில் ஒரு குழி உண்டு. 'மேலே வா' என்று அழைப்பார்கள் என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது. அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரர் பார்க்கிறாரா என்று கழுத்தை நீட்டுவோம். சாட்சி சொல்லும்போதும் இதே கதைதான். "நான் ஒன்றுமில்லாதவன்" என்று தொடங்கி இருபது நிமிஷம் அந்த ஒன்றுமில்லாதவனைப் பற்றியே பேசுவோம். பவுல் இதற்கு வைத்த பெயர் "மாயமான தாழ்மை" (கொலோசெயர் 2:23).

எங்கள் பக்கத்துச் சபைகளில் பண்டிகைக்கு அசனம் போடுவார்கள். ஊரே உட்கார்ந்து சாப்பிடும். பரிமாறும் வாளியைப் பிடிக்கப் போட்டி நடக்கும், ஏனென்றால் வாளி பிடிக்கிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். எச்சில் இலை எடுக்கவும் அண்டா தேய்க்கவும் ஆள் இருக்காது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியார் மட்டும் நிற்பார். நீங்கள் புதியவர் என்றால் அங்கே போய் நில்லுங்கள். யாரையும் அனுமதி கேட்கவேண்டாம். பழைய சட்டை போட்டுப் போங்கள்.

நம் ஊர்ச் சபைகளில் தாழ்மைக்கு உண்மையான பரீட்சை சாதியில்தான் நடக்கிறது, இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. யாக்கோபு 2:2-4 பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், கந்தல் உடுத்தியவருக்குக் காலடி என்று பிரிப்பதைத் தட்டிக் கேட்கிறது. கலாத்தியர் 2:11-12-இல் பேதுருவே யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, யூத ஆட்கள் வந்ததும் விலகிக்கொள்கிறார், பவுல் முகத்துக்கு நேராக எதிர்க்கிறார். ஆக, கேள்வி இதுதான்: உங்கள் சபையில் யார் வீட்டில் நீங்கள் இதுவரை சாப்பிட்டதில்லை? அந்தப் பெயரை 'ஆள்' என்ற வரியில் எழுதுங்கள். அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போடுவது சுலபம், அதில் கொடுக்கிறவர் நீங்கள். அவர்கள் வீட்டில், அவர்கள் தட்டில், போட்டதைச் சாப்பிடுங்கள்.

8. எங்கே கீழ்ப்படியக் கூடாது

கீழ்ப்படிதல் என்ற சொல்லை வைத்து மிரட்டுகிறவர்கள் உண்டு. புதியவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். மனைவிகளுக்கு எபேசியர் 5:22-ஐ வாசித்துக் காட்டுகிறவர் 5:21-ஐ விட்டுவிட்டாரா என்று பாருங்கள். "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்பது அங்கே இருக்கிறது. 5:25 புருஷனிடம் கேட்பது இன்னும் பெரிய விலை, மனைவிக்காகத் தன்னையே கொடுக்கும் அன்பு. போதகர்கள் மந்தையை இறுமாப்பாய் ஆளக்கூடாது என்று 1 பேதுரு 5:3 சொல்கிறது. 'ஊழியக்காரருக்குக் கீழ்ப்படி' என்று சொல்லி நகையையோ நிலப் பத்திரத்தையோ கேட்டால், கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அது அடங்காமை ஆகாது.

ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து ராஜாவின் கட்டளையை எபிரெய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் செய்யவில்லை (யாத்திராகமம் 1:15-17). "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று பேதுருவும் மற்றவர்களும் யூதரின் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் நின்று சொன்னார்கள் (அப்போஸ்தலர் 5:29). தன்னை அறைந்த சேவகனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று இயேசு கேட்டார் (யோவான் 18:23). அடி வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் தாழ்மை என்று யாராவது சொன்னால் இந்த வசனத்தைத் திறந்து காட்டுங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் பெண்களுக்கான உதவி எண் 181. பிள்ளைகளுக்கு 1098. பொறுத்துப் போ என்று சபைக்காரர்கள் சொன்னாலும் கூப்பிடுங்கள்.

9. எவ்வளவு காலம் ஆகும்

சின்ன வேலை என்றால் ஒரு வாரம். பணக் கணக்கு என்றால் காகிதம் சேர்க்க இரண்டு வாரம், கொடுத்து முடிக்கச் சில மாதம். உறவு எப்போது சரியாகும் என்பதற்குத் தேதி கிடையாது. ரோமர் 12:18 "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருக்கச் சொல்கிறது. 'கூடுமானால்' என்ற சொல்லைப் பவுல் தெரிந்துதான் போட்டிருக்கிறார். உங்களாலானதைச் செய்துவிட்டால் நோட்டில் அந்தப் பக்கத்துக்குக் கீழே கோடு போடுங்கள். எதிராளி என்ன செய்தார் என்று அங்கே எழுதாதீர்கள்.

என் கணக்கில் மூன்று தவணையும் முடிந்துவிட்டது. தம்பி அந்த 8,400-ஐத் திருப்பி அனுப்பினான், நான் மறுபடி அனுப்பினேன், அவன் மறுபடி அனுப்பினான். கடைசியில் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். அவன் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளை அனுப்பினான். திருவிருந்து வரிசையில் இப்போது எனக்குத் தொண்டை அடைப்பதில்லை.

நோட்டில் இந்த வாரப் பக்கம்:

வசனம்: யாக்கோபு 1:19, கேட்கிறதற்குத் தீவிரம், பேசுகிறதற்குப் பொறுமை, கோபிக்கிறதற்குத் தாமதம்.
ஆள்: மகன், பத்தாம் வகுப்பு.
வேலை: கணக்குப் பாடம் சொல்லித் தரும்போது குரலை உயர்த்தாமல் ஒரு மணி நேரம்.
நாள்: இன்று இரவு எட்டரை.

மணி எட்டு இருபத்தைந்து. புத்தகத்தோடு வந்து நிற்கிறான்.